எங்கள் வீட்டு மொசைக் தரை

தக்கலையிலிருந்து களியக்காவிளைக்குப் போகும் சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளி இருக்கிற எங்கள் வீட்டை அப்பா 1974ஆம் ஆண்டு கட்டி முடித்தார். முன்னறைக்கும் நடுவறைக்கும் இரண்டு படுக்கையறைகளுக்கும் மொசைக் தரை. அடுக்களைக்கும் பின்புறச் சாய்ப்புக்கும் சிவப்புக் காவி சேர்த்த சிமெண்ட் தரை. ஐம்பது ஆண்டுகள் நடந்து தேய்ந்ததில் வாசற்படியை ஒட்டிய பகுதி மங்கியிருந்தது. நடுவறையில் மூலைக்கு மூலை ஒரு மெல்லிய விரிசல் ஓடியது. 1990களில் இடைச்சுவர் ஒன்றை இடித்தபோது அந்த இடத்தில் பூசிய வெறும் சிமெண்ட், ஒரு சாண் அகலத்துக்குத் தழும்புபோலக் கிடந்தது. சென்ற ஆண்டு வீட்டைப் புதுப்பிக்கத் தொடங்கியபோது, பழைய தரையின் மேலேயே வழவழப்பான பெரிய டைல்களை ஒட்டிவிடலாம் என்று தம்பி முடிவு செய்து, கடையிலிருந்து மாதிரிகளையும் வாங்கி வந்துவிட்டான். அதைத் தடுத்து, தரையைத் தேய்த்து மெருகேற்றியது வரையிலான நான்கு மாதங்களில் நான் கற்றுக்கொண்டவற்றை, இதே நிலையில் இருக்கிற வேறு வீட்டுக்காரர்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

முதலில் பெயரைப் பற்றி. நாம் மொசைக் என்று சொல்வதன் சரியான பெயர் டெராசோ. மொசைக் என்பது கண்ணாடி அல்லது கல் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கையால் பதித்துக் கோலமோ உருவமோ அமைக்கும் கலை. டெராசோவில் துண்டுகளை யாரும் அடுக்குவதில்லை. உடைத்த சலவைக்கல் துகள்களைச் சிமெண்டோடு கலந்து பரப்பி, இறுகியபின் மேற்பரப்பைத் தேய்த்துக் கல்லின் வெட்டுமுகத்தை வெளியே கொண்டுவருகிறார்கள். ஆயினும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரள எல்லைக்கு அப்பால் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கங்களிலும் கொத்தனார் முதல் வீட்டுக்காரர் வரை எல்லோர் வாயிலும் வழங்குவது மொசைக்தான் என்பதால் நானும் அப்படியே சொல்கிறேன்.

டெராசோ வெனிஸ் நகரத்துச் சொத்து. அங்கே மாளிகைகளுக்குச் சலவைக்கல் பாவியபோது மிஞ்சிய துண்டுகளை, வேலைக்காரர்கள் தங்கள் வீடுகளைச் சுற்றியிருந்த திறந்த தளங்களில் சுண்ணாம்புக் கலவையில் பதித்துத் தேய்த்தார்கள் என்றும், தளத்தைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்தே இப்பெயர் வந்தது என்றும் சொல்வார்கள். அதைவிட என்னைக் கவர்ந்தது, அந்தத் தரை வெனிஸுக்கு ஏன் அவ்வளவு பொருந்தியது என்பதுதான். காயலின் சேற்றில் மரக்கம்பங்களை இறக்கி அவற்றின் மேல் எழுப்பிய நகரம் அது; மாடித் தளங்களும் மர உத்தரங்களின் மேல் நிற்பவை. அப்படிப்பட்ட கட்டடம் ஆண்டுதோறும் சிறிதளவு அசைந்துகொண்டே இருக்கும். சுண்ணாம்பும் செங்கல் தூளும் சேர்ந்த கலவை அந்தச் சிறு அசைவைத் தாங்கும். 1824இல் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்ற போர்ட்லாந்து சிமெண்ட் பிற்காலத்தில் சுண்ணாம்பின் இடத்தைப் பிடித்தபோது தரைக்கு வலிமை கூடியது. வளைந்துகொடுக்கும் தன்மை போய்விட்டது. இன்று மொசைக் தரையில் நாம் காணும் கண்ணாடிப் பட்டைகளின் தேவை இந்த இடத்தில்தான் பிறக்கிறது. அவற்றை வெறும் அலங்காரம் என்று நான் பல ஆண்டுகளாக எண்ணியிருந்தேன். உண்மையில், சுருங்கும் சிமெண்ட் விரிசல் விட்டே தீரும் என்பதால், அந்த விரிசல் எங்கே விழ வேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்து அங்கே நேர்க்கோடு போட்டுவைக்கும் ஏற்பாடு அது.

நம் ஊருக்குப் பளபளக்கும் தரை புதிதல்ல. எங்கள் வீட்டிலிருந்து மிதிவண்டியில் போய்விடும் தொலைவில் பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. தமிழ்நாட்டு எல்லைக்குள் இருந்தாலும் கேரள அரசின் பராமரிப்பில் உள்ள அந்த அரண்மனையின் கறுப்புத் தரையில் முகம் பார்க்கலாம். சுண்ணாம்பு, எரித்த தேங்காய்ச் சிரட்டைக் கரி, முட்டை வெள்ளைக்கரு, செடிகளின் சாறு ஆகியவற்றால் செய்தது என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. பள்ளியிலிருந்து அழைத்துப்போனபோது செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் நின்ற குளிர்ச்சி இன்னும் என் பாதத்தில் இருக்கிறது. ஆனால் அந்த மெருகும் மொசைக்கின் மெருகும் ஒன்றல்ல. சுண்ணாம்புத் தரையைப் பசையாக இருக்கும்போதே வழவழப்பான கல்லால் அழுத்தி இழைத்து இழைத்து மெருகேற்றுகிறார்கள். அந்த மெருகு தோலைப் போன்றது. தோல் கிழிந்தால் அடியில் வேறு நிறம் தெரியும். மொசைக்கை முற்றிலும் இறுகவிட்டு, மேல் தோலை அரைத்து எடுத்துவிட்டு, உள்ளே இருப்பதைக் காட்டுகிறார்கள். உள்ளே எவ்வளவு ஆழம் போனாலும் அதே கல், அதே நிறம். ஐம்பது ஆண்டுத் தேய்மானத்துக்குப் பிறகு என் வீட்டுத் தரையை மீட்டெடுக்க முடிந்ததற்கு இந்த ஒரு குணமே காரணம்.

இதைத் தம்பிக்கு விளக்க என்னால் முடியவில்லை; மேஸ்திரியால் முடிந்தது. எழுபது வயதைக் கடந்தவர், இளமையில் திருவனந்தபுரம் வரை போய் மொசைக் வேலை செய்தவர். வந்ததும் பேசாமல் ஒரு நாணயத்தை எடுத்து, அதன் விளிம்பால் தரையை ஒவ்வொரு கட்டமாகத் தட்டிக்கொண்டே போனார். அடித்தளத்தோடு நன்றாகப் பிடித்திருக்கிற இடத்தில் ஓசை கெட்டியாக இருக்கும். பிடிப்பு விட்டுப்போன இடத்தில் பொத்தென்று வெறுமையாக ஒலிக்கும். நான்கு அறைகளிலும் சேர்த்து இரண்டே கட்டங்கள்தான் பொத்தென்று ஒலித்தன. "மக்ளே, இதுக்கு ஒரு சீக்கும் இல்ல. மேல இருக்கது அழுக்கும் மெழுகும்தான். தேச்சா போரும்" என்றார். விரிசலைப் பற்றிக் கேட்டதற்கு, அடியில் போட்ட செம்மண்ணைத் தண்ணீர் விட்டு நன்றாக இடிக்காமல் விட்டதால் முதல் சில ஆண்டுகளில் மண் அமர்ந்திருக்கிறது, அதன்பிறகு அசையவில்லை என்றார். என் சிறுவயதிலிருந்தே அந்த விரிசல் ஒரு மயிரிழைகூட அகலவில்லை என்று அம்மாவும் சொன்னார். அசையாத விரிசலை அடைத்தால் அடைத்த இடம் நிற்கும். அசைந்துகொண்டிருக்கும் விரிசலை எத்தனை முறை அடைத்தாலும் மீண்டும் திறந்துகொள்ளும். அப்படிப்பட்ட தரையின் மேல் டைல் ஒட்டினால் டைலும் சேர்ந்தே பிளக்கும் என்பதையும் அவர் தம்பியைப் பார்த்துச் சொன்னார்.

அப்பாவின் கணக்கு நோட்டு பரணில் கிடைத்தது. அதில் வெள்ளை சிமெண்டுக்கு எதிரே 'வேம்பநாடு' என்று எழுதியிருந்தார். கோட்டயத்துக்கு அருகில் நாட்டகத்தில் உள்ள திருவிதாங்கூர் சிமெண்ட்ஸ் தயாரித்த வெள்ளை சிமெண்டின் பெயர் அது. வேம்பநாட்டுக் காயலில் அள்ளிய சிப்பி ஓடுகளே அதற்கு மூலப்பொருள். சாதாரண சிமெண்டைச் சாம்பல் நிறமாக்குவது முதன்மையாக இரும்பு. சிப்பி ஓட்டில் இரும்பு மிகக் குறைவு என்பதால் வெண்மை கிடைக்கிறது. 1956 நவம்பர் 1ஆம் நாள் எங்கள் மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழகத்தோடு சேர்ந்துவிட்டது. ஆனால் பதினெட்டு ஆண்டுகள் கழித்துக் கட்டிய வீட்டுக்கும் சிமெண்ட் வடக்கேயிருந்துதான் வந்திருக்கிறது. நாங்கள் தவழ்ந்து நடந்து வளர்ந்த தரையில் காயற்சிப்பி இருக்கிறது என்று தெரிந்ததும் அம்மா சிறிது நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நோட்டைவிடப் பெரிய புதையல் ஒன்றும் அதே பரணில் இருந்தது. பழைய ஹார்லிக்ஸ் கண்ணாடிப் புட்டிகள் மூன்று: ஒன்றில் வெள்ளைச் சிப்ஸ், ஒன்றில் கறுப்பு, ஒன்றில் வெளிர்மஞ்சள். வேலை முடிந்தபோது மிஞ்சியதை அப்பா எடுத்து வைத்திருக்கிறார். சிப்ஸ் என்றால் உடைத்துச் சலித்த சலவைக்கல் துகள். இன்று அதே கல், அதே நிறத்தில், அதே அளவில் கிடைப்பது அரிது. குவாரி மாறினால் கல்லின் நிறம் மாறிவிடும். இடித்த சுவரின் தழும்பையும் பொத்தென்று ஒலித்த இரண்டு கட்டங்களையும் வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போட அந்த மூன்று புட்டிகளே போதுமானவையாக இருந்தன. புதிதாக மொசைக் போடுகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய மிகப் பயனுள்ள யோசனை, இரண்டு கிலோ சிப்ஸையும் சிறிது நிறப்பொடியையும் எடுத்து வையுங்கள் என்பதே.

அந்தக் கட்டங்களைப் போடும்போது அருகில் நின்று பார்த்தேன். அடியில் சிமெண்ட், மணல், ஜல்லி 1:2:4 என்ற அளவில் கலந்த கான்கிரீட். அது முற்றிலும் உலரும் முன்பே, ஈரமும் பிடிப்பும் இருக்கும்போதே, மேல் கலவை போட வேண்டும். உலர்ந்த கான்கிரீட்டின் மேல் போட்டால்தான் நாணயம் தட்டும்போது பொத்தென்று ஒலிக்கிற நிலை வரும். மேல் கலவைக்கு மூன்று பங்கு சிமெண்டுக்கு ஒரு பங்கு சலவைக்கல் மாவு என்ற எடையில் கலந்துகொண்டு, அந்தக் கலவை நான்கு பங்குக்குச் சிப்ஸ் ஏழு பங்கு என்று படியால் அளந்து போடுவது அரசுக் கட்டட வேலைகளில் நெடுங்காலமாக உள்ள அளவு. சிப்ஸ் பெரிதாகப் பெரிதாக மேல் அடுக்கும் தடிக்க வேண்டும். அடுக்கின் தடிமன் 6, 9, 12 மில்லிமீட்டர் என்று படிப்படியாகப் போகும். நிறப்பொடி சேர்ப்பதாக இருந்தால் ஓர் அறைக்கு வேண்டிய மொத்த சிமெண்டையும் ஒரே முறையில், உலர்ந்த நிலையில், பொடியோடு கலந்து சலித்து வைத்துவிட வேண்டும். கட்டத்துக்குக் கட்டம் தனியாகக் கலந்தால், எவ்வளவு கவனமாக அளந்தாலும், தரை ஒட்டுப்போட்ட துணியாகிவிடும். பரப்பியபின் உருளையை உருட்டி அழுத்துகிறார்கள். மேலே கசிந்து வரும் அதிகப்படி நீரும் சிமெண்டும் நீங்கினால்தான் கற்கள் நெருங்கி அமரும். நல்ல மொசைக்கில் கண்ணுக்குக் கல் தெரிய வேண்டும். சிமெண்ட் கற்களுக்கு நடுவே ஒளிந்திருக்க வேண்டும். மட்டமான வேலையில் இது தலைகீழாக இருக்கும்.

இத்தனைக்கும் பிறகு தெரிவது நிறமற்ற ஒரு சிமெண்ட் பூச்சுதான். அதற்குத் தண்ணீர் கட்டி ஏழு நாள் விட்டபின், மேஸ்திரியின் மகன் தேய்க்கும் மிஷினோடு வந்தார். 60ஆம் நம்பர் கார்போரண்டம் என்ற சொரசொரப்பான தேய்கல்லைப் பூட்டித் தண்ணீரை ஊற்றிக்கொண்டே ஓட்டும்போது பால்போலச் சேறு கிளம்பியது. அதை வழித்துவிட்டுப் பார்த்தபோது கற்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்திருந்தன. முதல் தேய்ப்பில் கல் பெயர்ந்த இடங்களிலும் காற்றுக் குமிழ் இருந்த இடங்களிலும் ஊசித் துளைகள் தெரியும். அவற்றை அதே நிறச் சிமெண்டைக் குழைத்துத் தேய்த்து அடைத்து, மீண்டும் சில நாள் ஈரமாக வைத்து, அதைவிட நுண்ணிய 120ஆம் நம்பர் கல், கடைசியாக இன்னும் நுண்ணிய 320. பழைய கட்டங்களுக்கும் இதே மூன்று தேய்ப்பு. ஐம்பது ஆண்டு மங்கலை நீக்க, தேய்ந்துபோனது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. இதே தரையை அடுத்த தலைமுறை இன்னும் பல முறை தேய்க்கலாம். அச்சிட்ட டைலின் பூ அதன் மேற்பூச்சோடு முடிந்துவிடுகிறது. ஓர் அம்மிக்குழவி விழுந்து பூச்சுப் பெயர்ந்தால் அதைச் சரிசெய்ய வழியில்லை, பெயர்த்துக் குப்பையில் போட வேண்டியதுதான். இப்போது டெராசோ போலவே அச்சடித்த டைல்கள் கடைகளில் குவிந்திருக்கின்றன. நான்கைந்து டைல்களுக்கு ஒருமுறை அதே கறுப்புத் துண்டு அதே சாய்வில் திரும்ப வருவதைக் கண் கண்டுபிடித்துவிட்டால், பிறகு அந்த அறையில் நிம்மதியாக உட்கார முடியாது.

தேய்த்த சேற்றைச் சாக்கடையில் விடவேண்டாம் என்று மேஸ்திரி கண்டிப்பாகச் சொன்னார். அது குழாய்க்குள் சிமெண்டாகவே இறுகிவிடும். வாளிகளில் தெளியவிட்டு, உலர்ந்தபின் கட்டட இடிபாட்டோடு அனுப்பினோம். தண்ணீர் ஊற்றித்தான் தேய்க்க வேண்டும் என்பதிலும் அவர் உறுதியாக இருந்தார். உலர் தேய்ப்பில் கிளம்பும் தூசி வேலை செய்கிறவரின் நுரையீரலுக்குப் போகும்.

கடைசி மெருகில் ஆக்சாலிக் அமிலப் பொடியைத் தூவித் தண்ணீர் தெளித்துத் தேய்த்தார்கள். சதுர மீட்டருக்கு 33 கிராம் என்பது வழக்கமான அளவு. சலவைக்கல்லுக்கு அமிலம் பகை என்று படித்திருந்த எனக்கு இது முரணாகப் பட்டது. விசாரித்ததில் காரணம் புரிந்தது. சலவைக்கல் கால்சியம் கார்பனேட். எலுமிச்சைச் சாறு, புளிக்கரைசல், கழிவறை கழுவும் அமிலம் ஆகியவை அதைக் கரைத்து நீரோடு கொண்டுபோய்விடுகின்றன. அதனால் பரப்பு சொரசொரப்பாகிறது. ஆக்சாலிக் அமிலமோ கால்சியத்தோடு சேர்ந்து நீரில் கரையாத ஆக்சலேட்டாகி நுண்துளைகளிலேயே படிந்துவிடுகிறது. அளவாகப் போட்டால் மெருகு. அளவு மீறினால் அதுவும் கெடுதல். எங்கள் நடுவறையின் மங்கலுக்குக் காரணம் கால்கள் மட்டுமல்ல, ஒவ்வொரு பண்டிகைக்கும் முன்னர் நாங்களே கழிவறை அமிலத்தைக் கலந்து துடைத்ததும்தான் என்பது அப்போது தெரிந்தது. இப்போது வெறும் தண்ணீர், வாரத்துக்கு ஒருமுறை காரமில்லாத சோப்புநீர், அவ்வளவுதான்.

மேற்குச் சுவரோரம் உப்புப் பூத்திருந்ததற்கு மட்டும் மிஷினால் தீர்வு காண முடியவில்லை. மண்ணிலிருந்து ஏறும் ஈரம் உப்பைக் கொண்டுவந்து மேலே விட்டுவிட்டு ஆவியாகிறது. வெளியே தேங்கும் மழைநீருக்கு வடிகால் வெட்டியபின் குறைந்திருக்கிறது.

கட்டட வடிவமைப்பில் மொசைக்குக்கு உள்ள இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டு மாடியில் புதிதாக ஓர் அறை எடுத்தபோது நானே தரைக்கு வரைபடம் போட்டேன். உட்புறத்தில் ஒரு கட்டம் 2 சதுர மீட்டருக்கும், ஒரு பக்கம் 2 மீட்டருக்கும் மிகக் கூடாது; வெயில் படும் இடமானால் பக்கம் 1.25 மீட்டருக்குள் நிற்க வேண்டும். இந்த எல்லைக்குள் கோடுகளை எங்கே போடுவது என்பது முழுக்க வடிவமைப்பவரின் கையில் இருக்கிறது. பெரும்பாலான வீடுகளில் சுவரின் மூலையிலிருந்து தொடங்கிச் சம அளவில் கோடிட்டுக்கொண்டே போய், மறுமூலையில் மிஞ்சியதை ஓர் ஒல்லித் துண்டாக விட்டுவிடுகிறார்கள். நான் வாசலின் நடுக்கோட்டிலிருந்து தொடங்கினேன். சன்னலின் இரு ஓரங்களும் தூணின் விளிம்பும் கோடுகளின் மேல் விழுமாறு அமைத்தேன். அறை அதனால் பெரிதாகிவிடவில்லை. ஆனால் உள்ளே நுழைகிறவர் எதுவும் உறுத்தாமல் நுழைகிறார். பட்டைக்கு 40 மில்லிமீட்டர் ஆழமும் 4 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள கண்ணாடியையே தேர்ந்தெடுத்தேன். அலுமினியம் மலிவு என்றாலும் ஈரச் சிமெண்டின் காரத்தில் அரிக்கப்படும். பித்தளை அழகு, எங்கள் கடற்காற்றில் அது பாசிநிறம் ஏறும்.

மொசைக்கின் உண்மையான வலிமை அதற்கு வளைவு தெரியும் என்பதில் இருக்கிறது. தரையும் சுவரும் சேரும் இடத்தில் செங்கோணம் இல்லாமல் ஒரே கலவையால் வளைத்து மேலே ஏற்றிவிடலாம். அழுக்குத் தங்க மூலையே இல்லாததால் பழைய மருத்துவமனைகள் அப்படிக் கட்டப்பட்டன. மாடிப்படி, சன்னல் அடிப்பலகை, அடுக்களைத் தொட்டி, முற்றத்தின் விளிம்பு என்று எதை வேண்டுமானாலும் இணைப்பில்லாமல் வார்த்தெடுக்கலாம். குளியலறைக்கும் முகப்புக்கும் மட்டும் நான் முழு மெருகைப் பரிந்துரைக்க மாட்டேன். 320 வரை மெருகேற்றிய தரையில் தண்ணீர் நின்றால் வயதானவர்களுக்கு ஆபத்து. அந்த இடங்களில் முதல் தேய்ப்போடு நிறுத்திவிடலாம், அல்லது இறுகும் முன்பே மேல் சிமெண்டைக் கழுவிவிட்டுக் கற்கள் புடைத்து நிற்கும்படி விடலாம். இடத்திலேயே போட ஆள் கிடைக்காதவர்கள் மொசைக் டைலை நாடலாம். அதுவும் அதே கலவையை எந்திரத்தில் அழுத்திச் செய்வதுதான். ஐஎஸ் 1237 என்ற இந்தியத் தரக்குறியீட்டின்படி 200, 250, 300 மில்லிமீட்டர் அளவுகளில் வருகிறது. பதித்தபின் அதையும் மிஷினால் தேய்க்க வேண்டும். பிற்காலத்தில் மீண்டும் தேய்க்கவும் முடியும்.

ஆள் கிடைப்பதுதான் இன்று பெரிய சிக்கல். மேஸ்திரியோடு வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் டைல் வேலைக்குப் போய்விட்டார்கள். கிரானைட் பாலிஷ் போடுவதால் மட்டுமே அவருடைய மகனிடம் அந்த மிஷின் இன்னும் இருக்கிறது. மிஷினைச் சிலர் ஓட்டுவார்கள். சிப்ஸைக் கலந்து பரப்பி, கையின் அழுத்தத்தால் கல்லின் நெருக்கத்தை அறிகிறவர் எங்கள் பக்கத்தில் எனக்குத் தெரிந்து அவர் ஒருவரே. மாடியறை வேலையின்போது கலவை பரப்புவதை மட்டும் அவர் யாரிடமும் விடவில்லை. முழங்காலுக்கு அடியில் சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு, மகனுக்கு வாயால் சொல்லிக் கொடுத்தபடியே பரப்பினார்.

இடித்த சுவரின் தழும்பு இருந்த இடத்தில் இப்போது அப்பா எடுத்துவைத்த சிப்ஸ் இருக்கிறது. கல் துல்லியமாகப் பொருந்திவிட்டது, சிமெண்ட் பொருந்தவில்லை. பழைய சிமெண்ட் ஐம்பது ஆண்டுகளில் லேசாக மஞ்சளித்திருக்கிறது, புதியது பால்வெள்ளை. மஞ்சள் பொடி சிறிது சேர்த்திருக்கலாமே என்று கேட்டேன். வேண்டாம், இன்று சேர்த்தால் இன்று பொருந்தும், பத்து ஆண்டு கழித்து இது மட்டும் கூடுதலாக மஞ்சளித்து நிற்கும் என்று மேஸ்திரி மறுத்துவிட்டார். காலையில் கிழக்குச் சன்னலிலிருந்து வெயில் சாய்வாக விழும்போது அந்த ஒரு சாண் அகலக் கோடு தனியாகத் தெரிகிறது. எடவப்பாதி என்று நாங்கள் சொல்லும் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் முன் பின்புறச் சாய்ப்பின் காவித் தரையை என்ன செய்வது என்று முடிவு செய்ய வேண்டும். அது மெருகு தோலாக உள்ள வகை என்பதால் மிஷினை அங்கே கொண்டுபோக முடியாது.